சுடாத கால்

வெந்நீரில் உட்காருவதற்கென்றே ஒரு ஓட்டல் இருக்கிறது என்று என் மகள் புவனா போனில் சொன்னபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. "அதுக்கு எதுக்குடி ஓட்டலு? நம்ம வூட்டு அண்டாவுல உங்க நைனாவ உக்கார வெச்சா ஆவாதா?" என்றேன். அவள் கோபித்துக்கொண்டாள். நைனாவுக்கு அறுபது முடிகிறது, விழா கிழா எதுவும் வேண்டாமென்று நீங்கள் சொல்லிவிட்டீர்கள், அந்த ஓட்டலில் இரண்டு நாள் தங்க நான் ஏற்பாடு செய்தாகிவிட்டது, போகாவிட்டால் என்னோடு பேசாதே என்றாள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறவள். அவள் ஒன்றை ஏற்பாடு செய்துவிட்டால் செய்ததுதான்.

அந்த ஓட்டல் கனகம்மாசத்திரம் தாண்டி திருத்தணிக்குப் போகிற வழியில் இருக்கிறது. பெயர் ஏதோ வாயில் நுழையாத பெயர். இந்தப் பக்கத்து ஜனங்கள் வெந்நீர் ஓட்டல் என்றுதான் சொல்கிறார்கள். சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் காரில் வருகிறவர்கள் மார்கழிக் குளிரில் ஆவி பறக்கிற குளத்தில் கழுத்துவரை இறங்கி, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பூமிக்கு அடியிலிருந்து தானாக வருகிற வெந்நீர் என்று வாசலில் எழுதிப் போட்டிருக்கிறது. பின்பக்கம் பாய்லர் ஓடுகிற சத்தம் எனக்கு நன்றாகக் கேட்டது. பொதட்டூர்பேட்டையில் நாலு பவர்லூம் ஓடுகிற வீட்டில் முப்பத்திரண்டு வருஷமாகக் குடித்தனம் செய்கிறவளுக்கு எது எந்த மிஷின் சத்தம் என்று தெரியாதா?

டிசம்பர் இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். இரண்டு நாள் ஓட்டல், முப்பத்தொன்றாம் தேதி நேராகத் திருத்தணி என்பது திட்டம். அன்றைக்குப் படித் திருவிழா. மலைக்கு முந்நூற்று அறுபத்தைந்து படி, ஒவ்வொரு படிக்கும் கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டே ஜனங்கள் ஏறுவார்கள். என் வீட்டுக்காரர் தீனதயாளனும் ஏறுவதாக வேண்டிக்கொண்டிருந்தார். வேண்டிக்கொண்டது அவர் என்றாலும் வேண்டிக்கொள்ளச் சொன்னது நான்.

ஓட்டலில் நடமாட வெள்ளைத் துணிச் செருப்பு கொடுத்தார்கள். வராண்டாவில் பத்தடி போவதற்குள் அவருடைய இடது செருப்பு கழன்று பின்னால் கிடந்தது. அவர் பாட்டுக்கு ஒற்றைச் செருப்போடு போய்க்கொண்டிருந்தார்.

"ஏங்க, செருப்பு எங்க?"

குனிந்து பார்த்தார். "தோ, இங்கதான் இருந்திச்சி."

"கால்ல இருக்கறது கயண்டுகினு போனதுகூடத் தெரியாம அப்டி இன்னா யோசன? நாலு பேரு பாக்கறாங்கோ."

சிரித்தார். நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தேன். ஆறு மாதமாக எனக்கு இதே வேலை. பஸ் ஸ்டாண்டில் ஒரு தரம், கல்யாண மண்டபத்தில் ஒரு தரம், மார்க்கெட்டில் ஒரு தரம் என்று அவருடைய செருப்பைத் தேடித் தேடி எனக்கு இடுப்பு ஒடிந்துபோயிற்று. கல்யாணமான நாளிலிருந்து அவரை நான் திட்டாத நாளே கிடையாது என்று வைத்துக்கொள்ளுங்கள். சண்டைக்கு வரமாட்டார். ஏமாற்றினால் ஏமாந்துவிட்டு வந்து நிற்பார். நூல் கடைக்காரனிடம் பேச வேண்டியதும் நான், லுங்கி வாங்க வருகிற வியாபாரியிடம் பேச வேண்டியதும் நான். இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசியே என் குரல் கட்டையாகிவிட்டது.

ஆனால் அவருடைய கால் விஷயம் வேறு.

புவனாவுக்கு வரன் அமையாமல் இழுத்துக்கொண்டே இருந்தது. அமைந்தால் மூன்று ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டோம். அமைந்தது. முதல் வருஷம் பொதட்டூர்பேட்டையிலிருந்து திருத்தணிக்கு நடை. ஆடி என்று பேர்தானே ஒழிய அடித்ததெல்லாம் சித்திரை வெயில். மத்தியானம் தார் ரோடு இளகிக் கிடந்தது. கூட வந்த இளவட்டங்கள் நிழலுக்கு நிழல் தாவி ஓடினார்கள், ரோட்டோரப் புல்லில் உள்ளங்காலைத் தேய்த்தார்கள். இவர் தோளில் காவடியோடு நடுரோட்டிலேயே போனார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. காவடிக்காரர்கள் காலில் மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். கூடவே நடந்து வந்த எதிர்வீட்டு ஜெயம்மாள் ஒரு குடம் தண்ணீர் ஊற்றிவிட்டு, அவர் பாதத்தைத் தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்டாள். "கோமளா, உங்க வூட்டுக்காரு மேல சாமி எறங்கிகினாருடி. சுடவே இல்ல பாரேன் அவருக்கு" என்றாள்.

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. அன்றைக்கு ஆரம்பித்ததுதான். கல்யாண வீட்டில் சொன்னேன், கருமாதி வீட்டில் சொன்னேன், ரேஷன் கடை வரிசையில் நின்றுகொண்டு முன்னால் இருந்தவளுக்கும் பின்னால் இருந்தவளுக்கும் சொன்னேன். இரண்டாம் ஆடிக்கு எங்கள் வாசலில் பத்துக் குடம் மஞ்சள் தண்ணீர் காத்திருந்தது. மூன்றாம் ஆடிக்கு எண்ண முடியவில்லை. பிள்ளை இல்லாதவர்கள் வந்து அந்தக் காலில் விழுந்தார்கள். நான் பக்கத்தில் புதுப் புடவை கட்டிக்கொண்டு நின்றேன்.

முப்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு எங்களை ஓட்டலின் சிகிச்சைக் கொட்டகைக்கு அழைத்துப் போனார்கள். பனி இன்னும் விலகவில்லை. தணிகை மலை இருக்கிற திக்கே தெரியவில்லை. பச்சைச் சீருடை போட்ட ஒரு பெண் கையில் காகிதத்தோடு வந்தாள். பெயர் தீபா. பாதத்தை மூலிகை வெந்நீரில் அரைமணி நேரம் ஊற வைப்பதுதான் அன்றைய வைத்தியம்.

"சாருக்கு சுகர், பி.பி., ஹார்ட்ல எதுனா பிரச்சினை இருக்குதுங்களா மேடம்?"

"சுகர் இருந்தா இன்னா பண்ணுவீங்கோ?"

"வெந்நீ குடுக்க மாட்டோம். எண்ணெ தடவி வுட்டு அனுப்பிடுவோம். அதான் இங்க ரூல்சு."

அவருக்கு எட்டு வருஷமாகச் சர்க்கரை. எங்கள் தெருவில் யாருக்குத்தான் இல்லை? காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று மாத்திரை போட்டுக்கொள்கிறார். மாத்திரை போட்டால் சர்க்கரை இல்லை என்பது எங்கள் கணக்கு. வெறும் எண்ணெய் தடவிக்கொண்டு போகவா மகள் இத்தனை செலவு செய்தாள்? அதுவுமில்லாமல், ஆடித் தார் ரோட்டை மிதித்த காலை ஒரு பாத்திரம் வெந்நீர் என்ன செய்துவிடும்?

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல. எய்திக்கோ" என்றேன்.

அவர் ஏதோ சொல்ல வந்தார். நான் பார்த்த பார்வையில் வாயை மூடிக்கொண்டார்.

தீபாவுக்கு எங்கள் பக்கத்து ஊரான ஆர்.கே.பேட்டை என்று தெரிந்ததும் நான் கதையை ஆரம்பித்துவிட்டேன். தார் ரோடு, பூக்காவடி, ஜெயம்மாள், எல்லாம். அந்தப் பெண்ணின் கண் விரிந்துபோயிற்று. "பெரிப்பா, நீங்களா அது? போன ஆடிக்கு மலையடிவாரத்துல எங்க அம்மாகூட உங்க கால்ல தண்ணி ஊத்திச்சே!" சார் போய்ப் பெரியப்பா ஆகிவிட்டார். அகலமான பித்தளைப் பாத்திரத்தில் வெந்நீர் ஊற்றி, அளக்கிற கருவியை விட்டுப் பார்த்து, அவர் காலை எடுத்து வைப்பதற்கு முன்னால் அவள் அதைத் தொட்டுக் கும்பிட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

"சூடு போதுங்களா பெரிப்பா?"

அவர் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அவருக்கு இதெல்லாம் ஒரு சூடா? இன்னும் தாங்குவாரு" என்றேன்.

"ஆங், இன்னும் கொஞ்சம் ஊத்தலாம்" என்றார்.

"இதுக்கு மேல கூடாதுங்க. அளவு இருக்குது. தோ, துண்டு எட்துகினு வந்துர்றேன்" என்று அவள் போனாள்.

நாலடி தள்ளி மூலிகை கொதிக்கிற கெண்டி அடுப்பின் மேலேயே இருந்தது. நான் அதை எடுத்தேன். அளவாம், ரூல்சாம். வெந்நீர் ஓட்டலில் வெந்நீருக்குப் பஞ்சமா?

"ஊத்தட்டா?"

"ஆங், ஊத்து."

ஊற்றினேன். "இன்னும்?"

"ஆங்."

கெண்டியைக் கவிழ்த்தேன். ஒரு விரலை நனைத்துப் பார்த்திருக்கலாம். நனைக்கவில்லை. அந்தக் காலைச் சோதித்துப் பார்ப்பது சாமியைச் சோதித்துப் பார்ப்பது என்று எனக்குள் ஒரு நினைப்பு. எதிரே குளத்தில் ஒரு வெள்ளைத் தொப்பிக்காரர் மிதந்துகொண்டிருந்தார். நான் போனை எடுத்து, பித்தளைப் பாத்திரத்தில் கால் வைத்தபடி அவர் சிரிக்கிற மாதிரி ஒரு படம் பிடித்துப் புவனாவுக்கு அனுப்பினேன். அவள் உடனே மூன்று இதயம் போட்டுப் பதில் அனுப்பினாள். அதை அவரிடம் காட்டினேன். "சந்தோசப்படறா பாரு கொயந்த" என்றார்.

ஐந்து நிமிஷமோ ஆறு நிமிஷமோ இருக்கும். தீபா துண்டோடு வந்து உட்கார்ந்து, காலை எடுப்பதற்காகத் தண்ணீருக்குள் கையை விட்டாள். விட்ட கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு வீறிட்டாள்.

அவர் பதறிப்போனார். "இன்னாமா, கையில சுட்டுகினியா? எங்க, காட்டு."

தம் கால் உள்ளே இருக்கிற ஞாபகமே அவருக்கு இல்லை. நான்தான் முழங்காலைப் பிடித்து இழுத்து இரண்டு காலையும் வெளியே தூக்கினேன். கணுக்கால் வரை செக்கச்செவேல் என்று இருந்தது. இடது காலில் விரல்களின் மேல் தோல் வெளுத்து, பால் ஆடை மாதிரி சுருங்கி விலகியது. அவரும் குனிந்து பார்த்தார். செருப்பைத் தேடும்போது பார்ப்பாரே, அதே மாதிரி பார்த்தார்.

சத்தம் கேட்டு மேனேஜர் இளங்கோவன் ஓடி வந்தார். கழுத்தில் டை கட்டிய மனிதர். வந்ததும் வராததுமாகத் தீபாவைப் பிடித்துக்கொண்டார். "அளவு பாத்தியா இல்லியா? யார் ஊத்தினது இவ்ளோ? இன்னியோட நீ வூட்டுக்குப் போயிடு" என்று கத்தினார். அவள் சிவந்த கையை மார்போடு வைத்துக்கொண்டு அழுதாள். காலிக் கெண்டி என் காலடியில் இருந்தது. ரேஷன் கடை வரிசையையே நிறுத்திவைத்துப் பேசுகிற என் வாய் அப்போது திறக்கவில்லை. பயம்தான். வேறென்ன சொல்ல?

அவர் சொன்னார். "பொண்ணு மேல தப்பு இல்லீங்க. அது அந்தாண்ட போனப்போ நான்தான் கெண்டிய எட்து ஊத்திகினேன்."

மேனேஜர் அவரையும் பார்த்தார், அவர் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்த அடுப்பையும் பார்த்தார். கார் எடுத்து வரச் சொன்னார்.

திருத்தணிக்குள் கார் நுழைந்தபோது பனி விலகி மலை தெரிந்தது. தெருவெல்லாம் தோரணம். வெளியூர் பஜனைக் கோஷ்டிகள் வேனிலிருந்து ஆர்மோனியத்தை இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு கோஷ்டி ரோட்டைக் கடப்பதற்காகக் கார் நின்றது. எல்லோரும் வெறுங்காலோடு போனார்கள். அவர் ஈரத்துணி சுற்றிய காலை முன் சீட்டின் கீழே நீட்டியபடி, "நாளிக்கி கூட்டம் ஜாஸ்தியா இருக்கும் போல" என்றார். நாளைக்கு அவர் ஏறப் போவதில்லை என்பது அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எனக்குப் புரியவில்லை. அவரைத் திட்ட வேண்டும் போல் இருந்தது. திட்டினால் எல்லாம் வழக்கம்போல் ஆகிவிடும் என்று ஒரு நப்பாசை.

ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். சௌமியா என்று ஒரு சின்ன வயது டாக்டர். புண்ணைக் கழுவிவிட்டு, "வலிக்குதா?" என்று கேட்டார். "லேசா இருக்குதுங்க" என்றார் இவர். டாக்டர் கொஞ்ச நேரம் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு மேஜையிலிருந்து ஒரு கைப்பிடியை எடுத்தார். அதன் நுனியில் ஒரு விரல் நீளம்கூட இல்லாத விறைப்பான நூல் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது.

நூல் என்றதும் அவருக்கு உயிர் வந்துவிட்டது. இரண்டு விரலால் பிடித்து உருட்டிப் பார்த்தார். எந்த நூலையும் அப்படி உருட்டிப் பார்த்தே எவ்வளவு மெல்லியது, என்ன நம்பர் என்று சொல்லிவிடுவார், ஒரு தரம்கூடத் தப்பியதில்லை. "இது நூலு இல்லீங்களே டாக்டர். மீன் புடிக்கற தூண்டில் நரம்பு."

"அந்த மாதிரிதான். கண்ண மூடிக்குங்க. இது பாதத்துல எங்க பட்டாலும் ஆங்னு சொல்லணும். அவ்ளோதான்."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். காரில் கூடவே வந்த மேனேஜரும் தீபாவும் கதவருகே நின்றார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் நின்றேன். டாக்டர் வலது காலின் அவ்வளவாக வேகாத குதிகாலில் அந்த நரம்பை வைத்து அழுத்தினார். அது வளைந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. கட்டைவிரலுக்கு அடியில் வைத்தார். ஒன்றும் சொல்லவில்லை. அறையில் யாரும் பேசாமல் இருந்தது அவருக்கே சங்கடமாகிவிட்டது போல.

"ஆங்" என்றார்.

அப்போது நரம்பு அவர் காலில் இல்லை. டாக்டர் கையிலேயே இருந்தது.

"ஆங்" என்றார் மறுபடியும். கொஞ்சம் இடைவெளி விட்டு, "ஆங்."

டாக்டர் கைப்பிடியை மேஜையில் வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். அவர் கண்ணை இறுக்கி மூடியபடி, நல்ல பிள்ளையாக, சொல்லிக்கொண்டே இருந்தார். "ஆங். ஆங்."

என்னால் முடியவில்லை. "போதும், நிறுத்துங்க!" என்று கத்தினேன். "டாக்டர், அவருக்கு ஒண்ணும் தெரியல. சக்கர எட்டு வருசமா இருக்குது. நான்தான் இல்லன்னு எய்தச் சொன்னேன். கெண்டிய எட்து ஊத்தினதும் நான்தான். அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ல. அவரும் பண்ல." மேனேஜரைப் பார்த்து, "அவள வேலய வுட்டு அனுப்பினீங்கன்னா நான் உங்க ஓட்டல் வாசல்ல வந்து குந்திக்குவேன்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். தீபா என் கையைப் பிடித்தாள். அவளுடைய விரலெல்லாம் மருந்து.

டாக்டர் மெதுவாகச் சொன்னார். சர்க்கரையால் பாதத்து நரம்பு செத்து இரண்டு மூன்று வருஷமாவது இருக்கும். வலி தெரிந்திருந்தால் அவரே காலை எடுத்திருப்பார். இடது காலில் இரண்டு விரல் தேறுமா, எடுக்க வேண்டி வருமா என்பது ஒரு வாரம் போனால்தான் தெரியும். செருப்பு கழன்றால் தெரியாமல் நடப்பாரா என்று கேட்டார். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். சூடான தரையில் வெறுங்காலோடு நடந்திருக்கிறாரா என்று கேட்டார். அதற்கு என்னால் தலையாட்டக்கூட முடியவில்லை.

கட்டுப் போட்டு, ஊசி போட்டு, தலையணையை எடுத்துவிட்டு மல்லாக்கப் படுக்க வைத்தார்கள். எல்லோரும் வெளியே போனபிறகு தலைமாட்டில் உட்கார்ந்து கேட்டேன்.

"எப்பத்திலிருந்து?"

அவர் கண்ணைத் திறக்கவில்லை. "மொத ஆடிக்கே. ஊட்டுக்கு வந்து பாத்தா உள்ளங்கால்ல கொப்புளம். நீ பாக்கறதுக்குள்ள வேட்டியால மூடிகினேன்."

"ஏன் சொல்லல? வாயில இன்னா கொயக்கட்டயா?"

"சொல்லலாம்னுதான் இருந்தேன். நீ ஜெயம்மாகிட்ட சொல்லிகினு இருந்தே." நிறுத்தினார். ஊசி மருந்தில் அவருக்கு நாக்கு குழறியது. "கண்ணாலமாயி இத்தினி வருசத்துல நீ என்னப் பத்தி நல்லதா நாலு பேராண்ட சொன்னது அது ஒண்ணுதான் கோமளா. அதயும் எதுக்குக் கெடுக்கறதுன்னு வுட்டுட்டேன்."

வெளியே ஏதோ ஒரு கோஷ்டி மலைப் பக்கம் பாடிக்கொண்டு போயிற்று. அவர் செய்த நல்லது ஒன்றா இரண்டா என்று மனசுக்குள் தேடிப் பார்த்தேன். அள்ள அள்ள வந்தது. ஒன்றையும் நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

ஊரே தொட்டுக் கண்ணில் ஒத்திக்கொண்ட கால். நான் ஒரு நாளும் தொட்டுப் பார்த்ததில்லை. செருப்பைப் பொறுக்கிக் கொண்டுவந்து கீழே போட்டதோடு சரி. கட்டிலின் கால்மாட்டுக்குப் போய், கட்டுப் போடாத வலது குதிகாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். இறுக்கித்தான் பிடித்தேன். ஜில்லென்று இருந்தது.

அவர் கண்ணை மூடியபடியே கையை நீட்டித் தலைமாட்டில் துழாவினார். "கோமளா," என்றார், "எங்க போயிட்ட?"